கட்டி வைப்பது ஓய்வாகுமா? கேள்விக்குறியாகும் கேரள யானைகளின் கால் நலம்

புது தில்லி: கேரளத் திருவிழா யானைகள் தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டியது முதல், அணிவகுப்பில் அவற்றிடையே எத்தனை மீட்டர் இடைவெளி வேண்டும் என்பதே பெரிதும் பேசப்படுகிறது. யானை எத்தகைய தரையில் நிற்கிறது, நாள்தோறும் எவ்வளவு நடக்கிறது என்பவையும் அதே அளவு முக்கியமானவை.

மட்டாஞ்சேரிக்கு எதிர்க்கரையில், எர்ணாகுளத்தில் உள்ள கேரள உயர் நீதிமன்றம் 2024 நவம்பரில் நெறிமுறைகளை வகுத்தது. யானைகளிடையே 3 மீட்டர் இடைவெளி, இரு நிகழ்ச்சிகளுக்கு இடையே 3 நாள் ஓய்வு ஆகியவை அவற்றுள் சில. திருச்சூரின் திருவம்பாடி, பாறமேக்காவு தேவஸ்வங்கள் மேல்முறையீடு செய்தன. 2012-ம் ஆண்டு மாநில விதிகளுக்கு முரணான நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பர் 19-ம் தேதி இடைக்காலத் தடை விதித்தது.

வளர்ந்த ஆண் யானையின் எடை சுமார் 4 டன். பாதத்தினுள் உள்ள கொழுப்புத் திண்டு ஒவ்வோர் அடியிலும் அமுங்கி விரிந்து அதிர்வைத் தாங்குகிறது. ரத்த ஓட்டத்துக்கும் உதவுகிறது. காட்டில் நடக்கும்போது நகமும் உள்ளங்காலும் இயல்பாகவே தேய்கின்றன. சிமென்ட் தரையில் சங்கிலியால் கட்டுண்ட யானைக்கு அந்த வாய்ப்பில்லை. சாணமும் சிறுநீரும் தேங்கிய தரையில் நகம் வெடித்துச் சீழ் பிடிக்கிறது, மூட்டுகள் இறுகுகின்றன. உலகெங்கும் வளர்ப்பு யானைகளை வாட்டும் முக்கிய நோய்கள் இவையே.

கொச்சியை அடுத்த திருப்பூணித்துறை விருச்சிகோற்சவம் போன்ற விழாக்களில் யானைகள் மணிக்கணக்கில் நிற்கின்றன. மதநீர் ஒழுகும் பருவத்திலோ வாரக்கணக்கில் கட்டப்படுகின்றன. இரண்டிலும் குறைவது நடையே.

குதிரைகளின் நிலையும் வேறன்று. பாரம் இழுக்கும், சுமக்கும் விலங்குகளுக்கான 1965-ம் ஆண்டு மத்திய விதிகளின்படி, குதிரையிடம் நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேலோ, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது. மட்டக்குதிரை மீது 70 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது. வேலைக்கு உச்சவரம்பு உண்டு. உடற்பயிற்சிக்குக் குறைந்தபட்ச அளவு இல்லை.

2022-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வனவிலங்குப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம், சமயப் பணி உள்ளிட்ட நோக்கங்களுக்காக வளர்ப்பு யானைகளை மாற்றித் தர வழிசெய்தது. அதற்கான விதிகள் 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்டன. யானையை இடம் மாற்றக் கால்நடை மருத்துவரின் சான்று தேவை. அச்சான்றில் பாதம், மூட்டு ஆகியவற்றின் நிலையும், மண் தரையில் அன்றாடம் நடக்க வசதி உண்டா என்பதும் கட்டாயம் இடம்பெறுமானால், யானைகளின் வேதனை பெருமளவு குறையும்.