குறுக்கிடுதல்



‘குறுக்கிடுதல்’ என்பது நாம் அடிக்கடி வழங்கும் ஒரு சொல். குறுக்கு, இடுதல் என்னும் இரு சொற்களின் சேர்க்கை அது. நேராகச் செல்லும் ஒன்றின் குறுக்கே மற்றொன்று வருவதே அதன் பொருள். வழியில் ஓர் ஆறு குறுக்கிடலாம். பேச்சில் ஒருவர் குறுக்கிடலாம். அதற்கு உறவான சொற்களும் உண்டு. செல்பவரை நடுவழியில் நிறுத்துவது இடைமறித்தல். இடையில் நேரும் தீங்கு இடையூறு. இவற்றுக்கு மறுதலையாக நிற்பது ‘இடைவிடாத’ என்னும் சொல். நம் அன்னையை இடைவிடாத சகாய மாதா என்று அழைப்பது, அவரது உதவி நடுவில் அறுந்துபோவதில்லை என்னும் நம்பிக்கையினால் அன்றோ?

எனினும், குறுக்கிடுவதெல்லாம் தீமையன்று. நெடுக ஓடும் பாவின் குறுக்கே ஊடை இழை செல்லாவிடில் ஆடை இல்லை. சண்டையிடும் இருவரிடையே புகுந்து விலக்கிவிடுபவரும் குறுக்கிடுபவரே.

இதில் நமக்கு வழிகாட்டுவது மாற்கு நற்செய்தியின் 5-ஆம் அதிகாரம். செபக்கூடத் தலைவரான யாயிர், சாகுந்தறுவாயில் கிடந்த தம் 12 வயது மகளுக்காக இயேசுபிரானை அழைத்துச் செல்கிறார். வழியில், 12 ஆண்டுகளாக உதிரப்போக்கினால் வருந்திய பெண்ணொருத்தி ஆண்டவரின் ஆடையைத் தொடுகிறாள். அவசரப் பயணம் நின்றுவிடுகிறது. அவள் நடந்தது அனைத்தையும் சொல்ல, ஆண்டவர் செவிமடுக்கிறார். அதற்குள் சிறுமி இறந்த செய்தி வருகிறது. ஆயினும் அவர் சென்று, அவளைக் கைபிடித்து எழுப்புகிறார். தம் வழியில் பிறர் குறுக்கிட இடந்தந்தவர், பிறர் சொல்லில் தாம் குறுக்கிடவில்லை.

நாமோ இதற்கு நேர்மாறாக நடக்கிறோம். ஒருநாள் மாலை, முதியவர் ஒருவர் தம் மகனைப் பற்றிப் பேச நம்மிடம் வந்தார். குறைகூற வந்தார் என்றெண்ணி, இரண்டாம் வாக்கியத்திலேயே குறுக்கிட்டு, பொறுமையைப் பற்றி அறிவுரை வழங்கினோம். ‘சரி, சாமி’ என்று கும்பிட்டுச் சென்றார். மகனிடம் மன்னிப்புக் கேட்க நம்மைத் துணைக்கு அழைக்கவே அவர் வந்தார் என்பதை, இரு வாரங்களுக்குப் பின் அவரது அடக்கப் பூசையன்று அவருடைய மனைவி சொல்லியே அறிந்தோம். அச்சொல்லை அவரிடமிருந்து கேட்கும் வாய்ப்பு நமக்கு இனி இல்லை.

ஆகவே, இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்ததும், கணவர் மனைவியின் சொல்லையும், பெற்றோர் பிள்ளைகளின் சொல்லையும், பிள்ளைகள் முதியோரின் சொல்லையும் முடிவுவரை கேட்பார்களாக. மறுமொழி சற்றுத் தாமதித்தாலும் கெடுவதொன்றுமில்லை.