செத்துக் கிடக்கும் பன்றியைத் தொடாதீர்கள்

பெரம்பலூர் மாவட்டத்தில் மக்காச்சோளம் பால் பிடிக்கத் தொடங்கிவிட்டால் விவசாயிக்கு ராத்தூக்கம் கிடையாது. பச்சைமலை அடிவாரத்து வேப்பந்தட்டை முதல் ஆலத்தூர், குன்னம் வரை மானாவாரிப் பயிர் ஆளுயரம் நிற்கும். இருட்டியதும் பன்றிக் கூட்டம் இறங்கும். தட்டையைச் சாய்த்துக் கதிரைக் கடிக்கும். தின்றதைவிட மிதித்து நாசமாக்கியதே அதிகம் இருக்கும். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்களைச் சுற்றி மண்டிய சீமைக்கருவேலமும், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் முந்திரிக்காடுகளும் பன்றிகளுக்குப் பகலில் ஒளிய இடம் தருகின்றன. பழைய சேலைகளை வேலியாகக் கட்டியும், தகரம் தட்டியும், பரண் போட்டுக் காவல் இருந்தும் பார்த்துவிட்டார்கள். இப்படிப்பட்ட ஊரில் வரப்போரம் ஒரு காட்டுப்பன்றி தானாகச் செத்துக் கிடந்தால் யாருக்கும் வருத்தம் வராது. ஒன்று தொலைந்தது என்றுதான் தோன்றும். அந்தச் செத்த பன்றியைப் பற்றித்தான் இந்த வாரம் பேச வேண்டும்.

2023 ஜனவரியில் முதுமலை புலிகள் காப்பகத்தில், தெப்பக்காடு பகுதியில், காட்டுப்பன்றிகள் அடுத்தடுத்துச் செத்து விழுந்தன. மாதிரிகள் பரேலியில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போயின. ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் என்று முடிவு வந்தது. எல்லைக்கு அப்பால் பந்திப்பூரிலும் பன்றிகள் செத்துக்கொண்டிருந்தன. அதற்கு ஆறு மாதம் முன்பு, 2022 ஜூலையில், வயநாடு மாவட்டம் மானந்தவாடியில் பண்ணைப் பன்றிகளுக்கு இதே நோய் வந்திருப்பதை போபால் ஆய்வகம் உறுதி செய்திருந்தது. இந்தியாவுக்குள் இந்த நோய் முதலில் பதிவானது 2020-ல், அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும். மூன்றே வருடத்தில் தென்னிந்தியக் காடு வரை வந்து சேர்ந்துவிட்டது.

நோயின் கதை நூறு வருடம் பழையது. கென்யாவில் குடியேறிய ஐரோப்பியர்கள் வளர்த்த பன்றிகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததை ஆராய்ந்து, 1921-ல் மான்ட்கோமரி என்ற கால்நடை மருத்துவர் முதன்முதலாக எழுதினார். ஆப்பிரிக்காவின் வார்ட்ஹாக் என்ற காட்டுப்பன்றி இந்த வைரஸை உடம்பில் வைத்துக்கொண்டே நோயில்லாமல் திரியும். வளையில் வாழும் ஒருவகை உண்ணி அதைக் கடத்தும். நம் ஊர்க் காட்டுப்பன்றிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. வளர்ப்புப் பன்றியும் அதுவும் ஒரே இனம். அதனால் பண்ணையில் வந்தாலும் காட்டில் வந்தாலும் சாவு ஒரே மாதிரிதான். கடும் காய்ச்சல் வரும், தீனி எடுக்காது, காதும் வயிற்றுத் தோலும் சிவந்து நீலம் பாரிக்கும், சிலவற்றுக்கு ரத்தக் கழிச்சல் போகும். வீரியமான வைரஸ் என்றால் பிடித்த பன்றிகளில் அநேகமாக எதுவும் மிஞ்சாது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: மனிதருக்கு இது வராது. 2009-ல் நம்மைப் பயமுறுத்திய பன்றிக்காய்ச்சல் வேறு. பண்ணைக்காரர்கள் வழக்கமாகத் தடுப்பூசி போடும் பழைய பன்றிக்காய்ச்சலும் வேறு. அந்த ஊசி இதைத் தடுக்காது. இதற்கென்றே வியட்நாமில் 2022-ல் ஒரு தடுப்பூசியை அனுமதித்தார்கள். ஊசி போட்ட பன்றிகள் ஃபூ யென் மாகாணத்தில் செத்ததால் நிறுத்தி, மறுபடி சோதித்து, 2023-ல்தான் நாடு முழுக்க விட்டார்கள். நம் நாட்டில் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. மருந்தும் கிடையாது.

அப்படியென்றால் ஆராய்ச்சி நமக்கு என்ன தந்திருக்கிறது? ஐரோப்பாவிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. ஜெர்மனியில் காட்டுக்குள் இறந்த பன்றிகளைப் போட்டுவிட்டுத் தானியங்கி கேமரா வைத்துப் பார்த்தார்கள். உயிருள்ள பன்றிகள் திரும்பத் திரும்ப அங்கே வந்தன. சடலத்தை முகர்ந்தன, அதன் அடியில் இருந்த மண்ணைக் கிளறின. இந்த வைரஸ் ரத்தத்திலும் இறைச்சியிலும் எலும்பு மஜ்ஜையிலும் வாரக்கணக்கில், குளிரில் மாதக்கணக்கிலும் உயிரோடு இருக்கும். ஆக, ஒரு சடலத்தை எடுக்காமல் விட்டால் அடுத்த கூட்டத்துக்கும் நோய் போகும்.

செக் நாட்டில் ஸ்லீன் பகுதியில் 2017-ல் காட்டுப்பன்றிகளுக்கு நோய் வந்தபோது உடனே துப்பாக்கியைத் தூக்கவில்லை. சுட்டால் கூட்டம் சிதறி ஓடும், நோயும் கூடவே ஓடும் என்று தெரிந்திருந்தது. அந்தப் பகுதியைச் சுற்றி மின்வேலியும், நெடியால் பன்றியை விரட்டும் வாடை வேலியும் போட்டார்கள். பன்றிகள் தீனிக்காக வெளியே போகாமல் இருக்க உள்ளே இருந்த பயிரை அறுக்காமல் விட்டார்கள். ஆட்களை விட்டுத் தேடிச் சடலங்களை அகற்றினார்கள். பிறகுதான், தேர்ந்த ஆட்களை வைத்து மிச்சத்தைச் சுட்டார்கள். அடுத்த வருடமே நோய் ஒழிந்தது. காட்டுப்பன்றியில் இந்த நோய் புகுந்த பிறகு அதை முழுதாக ஒழித்த முதல் நாடுகளில் அது ஒன்று.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பார்க்க வேண்டிய காலம் இது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகள் பற்றி 2025 ஜனவரியில் தமிழக அரசு எடுத்த முடிவின்படி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கும் அப்பால் வனத்துறையினர் சுடலாம். விவசாயியின் நஷ்டம் கண்ணெதிரே இருக்கிறது. இந்த முடிவை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நோய் இருக்கும் இடத்தில் பன்றியைப் பிடித்து வேறு காட்டில் விடுவது வைரஸை வண்டியில் ஏற்றி அனுப்புவதுதான். பிடிக்கும் முன்பும் சுடும் முன்பும் அந்தப் பகுதியில் பன்றிகள் தானாகச் செத்திருக்கின்றனவா என்று விசாரிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.

பண்ணைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. வெண்பன்றிக்கு ஓட்டல் கழிவும் கல்யாண மண்டபத்து எச்சில் சோறும்தான் மலிவான தீனி. 1957-ல் லிஸ்பன் விமான நிலையத்து உணவுக் கழிவிலிருந்துதான் இந்த நோய் போர்ச்சுகலுக்குள் நுழைந்தது. கழிவில் பன்றி இறைச்சித் துண்டு ஒன்று கலந்திருந்தால் போதும். 90 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரம், கிளறிக்கொண்டே சூடாக்காமல் கொடுக்காதீர்கள். பண்ணையில் நோய் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள பன்றிகளை அழிப்பார்கள், பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பார்கள். எடைக்கேற்ப இழப்பீடு உண்டு. அழித்துவிடுவார்களே என்ற பயத்தில் நோய்ப்பட்ட பன்றியை அவசரமாக விற்றுவிடாதீர்கள். அடுத்த ஊர்ப் பண்ணைக்கு நோயை விற்கிறீர்கள்.

வயலில் செத்த பன்றியைக் கண்டால் அறுக்காதீர்கள், கறிக்கு எடுக்காதீர்கள், ஓடையிலோ பாழுங்கிணற்றிலோ தள்ளாதீர்கள். நாய்கள் இழுக்காமல் பார்த்துக்கொண்டு, வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். கால்நடை மருத்துவமனைக்கும் சொல்லுங்கள். 1962 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். அழுகிப்போன சடலமாக இருந்தாலும் பரவாயில்லை, தொடை எலும்பின் மஜ்ஜையை எடுத்துச் சோதித்தே கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்கட்டும். நீங்கள் போட்டிருந்த செருப்பைக் கழுவிக் காய வைக்காமல் எந்தப் பன்றிப் பட்டிக்குள்ளும் போகாதீர்கள்.

(தொடரும்)