ஜாங்கோவில் தமிழுக்கென ஒரு ஃபீல்டு

கல்வெட்டுகளில் வரும் ஊர்ப்பெயர்களை ஜாங்கோ, எஸ்கியூலைட் வைத்துத் தொகுத்து வருகிறேன். அதில் 'கொடுமுடி' என்று தேடினால் சில பதிவுகள் வராது. திரையில் பார்த்தால் அதே சொல்தான். ஏன் அப்படி?

யூனிகோடில் 'கொ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'க'வுடன் ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒரு வழி. ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொரு வழி. நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. எஸ்கியூலைட்டுக்கு வேறு வேறு.

சேமிக்கிற ஒவ்வொரு இடத்திலும் இதைத் திருத்திக்கொண்டிருக்க முடியாது. சார்ஃபீல்டிலிருந்து ஒரு புது கிளாஸ் எழுதி, 'கெட்_ப்ரெப்_வேல்யூ' மெத்தடை மட்டும் மாற்றினால் போதும். பைத்தான் மதிப்பு டேட்டாபேஸுக்குப் போகும் வாசல் அதுதான். முதலில் தாய் கிளாஸின் மெத்தடைக் கூப்பிடுங்க. வருவது 'நன்' என்றால் அப்படியே விட்டுடுங்க. இல்லையென்றால் 'யூனிகோடுடேட்டா' மாட்யூலில் உள்ள 'நார்மலைஸ்' மூலம் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிக் கொடுங்க. பிரிந்து கிடந்த கொம்பும் காலும் ஒரே குறியாகிவிடும்.

முழுச்சொல் தேடலும் இதே வாசல் வழியாகத்தான் போகிறது. அதனால் தேடும் சொல்லும் தானாகச் சீராகிவிடும். ஆனால் 'கன்டெய்ன்ஸ்' மாதிரியான பகுதித் தேடல் இந்தப் பக்கம் வராது; அங்கே நாமே மாற்றித் தரணும். பழைய பதிவுகளையும் ஒருமுறை எடுத்து மறுபடி சேமிக்கணும்.

இவ்வளவு மெனக்கெடணுமா? ஓர் ஊர்ப்பெயர் எத்தனை கல்வெட்டில் வருகிறது என்று எண்ணுகிறவருக்கு, விடுபட்ட பதிவுக்காக எந்தப் பிழைச்செய்தியும் வராது. தப்பான எண்ணிக்கை மட்டும் அமைதியாக வந்து நிற்கும்.