முடிவுக்கோட்டிலிருந்து மலைக்குச் சென்ற லொரான் ஜலபேர்

நெடுஞ்சாலை மிதிவண்டிப் பந்தயத்தில் ஸ்பிரிண்டர் எனப்படுபவர், நாள் முழுவதும் முன்னால் செல்வோரின் காற்றுமறைவில் வலுவைச் சேமித்துக்கொண்டு, கடைசி இருநூறு முந்நூறு மீட்டரில் மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்ந்து வெல்லும் வீரர் ஆவார். 1968இல் தென்பிரான்சின் மசமே ஊரில் பிறந்து, 1989இல் தொழில்முறை வீரரான லொரான் ஜலபேர் முதலில் அத்தகையவராகவே அறியப்பட்டார். 1992 டூர் டி பிரான்சில், அன்றாடக் கட்டங்களில் முந்தி வருவோருக்கு அளிக்கப்படும் புள்ளிகளை மிகுதியாகச் சேர்த்தவர் அணியும் பச்சைச் சட்டையை அவர் வென்றார். 1994இல் ஸ்பெயின் நாட்டின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்தாவில் மட்டும் ஏழு கட்டங்களைக் கைப்பற்றினார்.

அவ்வாண்டு ஜூலை 3 அன்று டூரின் முதல் கட்டம் ஆர்மாந்தியேர் நகரில் முடிவடைந்தபோது, தடுப்பு வேலிக்கு முன்னே நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்த காவலர் ஒருவர் மீது, தலையைக் குனிந்து பாய்ந்து வந்த பெல்ஜிய வீரர் வில்பிரிட் நெலிசன் மோத, அந்த மோதலில் சிக்கிய ஜலபேரின் முகத்தெலும்புகள் முறிந்தன, பற்கள் உடைந்தன. பாதுகாப்புக்காக நிறுத்தப்பட்டவராலேயே இவ்விபத்து நேர்ந்தது மிகவும் வருந்தத்தக்கது.

இத்தகைய விபத்துக்குப் பின் பலரும் ஒதுங்கிவிடுவர்; ஜலபேரோ நெரிசலான முடிவுப் பாய்ச்சல்களை மட்டும் நம்பியிராமல், மலையேற்றத்திலும், தனியொருவராகக் கடிகாரத்தை எதிர்த்து ஓட்டும் நேரச்சோதனையிலும் தேர்ச்சி பெற்றார். 1995இல் பாரிஸ்-நீஸ், மிலான்-சான்ரேமோ, பிளெஷ் வாலோன் ஆகிய பந்தயங்களை வென்ற அவர், ஜூலை 14 ஆகிய பிரெஞ்சு தேசிய நாளில், ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் தொலைவு கூட்டத்தை விட்டு முன்னோடிச் சென்று, மாந்த் நகருக்கு மேலுள்ள சுமார் மூன்று கிலோமீட்டர் செங்குத்துச் சாலையில் தனியாக ஏறி வென்றார். அச்சாலை இன்று அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. அதே ஆண்டு வுவெல்தாவில் ஒட்டுமொத்த வெற்றி, புள்ளிகள், மலையேற்றம் ஆகிய மூன்று சட்டைகளும் அவருக்கே கிடைத்தன. பெரும் பந்தயமொன்றில் அதற்கு முன் அதைச் சாதித்தவர்கள் எட்டி மெர்க்ஸ், டோனி ரோமிங்கர் ஆகிய இருவரே. அப்பந்தயத்தின் சியரா நெவாடா மலைக்கட்டத்தில், நெடுநேரம் தனித்து முன்னே சென்று களைத்திருந்த ஜெர்மானியர் பெர்ட் டீட்சை முடிவுக்கோட்டருகே எட்டிப்பிடித்த ஜலபேர், அவரைத் தாண்டாமல் வெற்றியை அவருக்கே விட்டுக்கொடுத்தது, பட்டங்களின் பட்டியலைவிட அவரது இயல்பை நன்கு காட்டுகிறது.

1997இல் நேரச்சோதனை உலகப் பட்டம் வென்ற அவர், 2001, 2002 டூர்களில் மலையேற்ற வீரருக்குரிய புள்ளியிட்ட சட்டையை அணிந்த பின் ஓய்வு பெற்றார். 2013இல் பிரெஞ்சு செனட் வெளியிட்ட அறிக்கை, 1998 டூரில் எடுக்கப்பட்டு 2004இல் மறுஆய்வு செய்யப்பட்ட அவரது மாதிரியில் இரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் ஈபிஓ என்ற தடைசெய்யப்பட்ட மருந்து இருந்ததாகப் பதிவு செய்தது. பந்தய முடிவுகள் மாற்றப்படவில்லை. எனினும் 1990களின் எந்தப் பெருவெற்றியையும் போலவே, ஜலபேரின் வெற்றிகளையும் அந்தப் பதிவோடு சேர்த்தே மதிப்பிட வேண்டியுள்ளது.