பேரிடரில் பேசும் ஹாம் வானொலி

தந்திச் சேவை 2013 ஜூலையில் மூடப்பட்டது. வியாபாரிகளான எங்களுக்கு ஒரு காலத்தில் சரக்குச் செய்தியும் விலை நிலவரமும் தந்தியில்தான் வந்தன. தந்தி போனாலும் மோர்ஸ் ஒலி நம் நாட்டில் அடங்கிவிடவில்லை. ஊர் உறங்கிய பிறகு மொட்டைமாடியில் கட்டிய கம்பி வழியே அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் இன்றும் உண்டு. சம்பளம் கிடையாது, கைக்காசுதான் செலவு. இவர்களை ‘ஹாம்’ என்கிறார்கள். (கடையில் விற்கும் ஹாமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பயப்பட வேண்டாம்!) முறையான பெயர் அமெச்சூர் வானொலியர்.

மத்திய அரசின் தேர்வில் தேறினால் உரிமமும், தனக்கென்று ஓர் அழைப்புக் குறியும் கிடைக்கும். ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான். அவர் குறி வி.யூ.2 ஆர்.ஜி. வியாபாரப் பேச்சு மட்டும் இந்த அலைவரிசைகளில் கூடாது. என் போன்றவர்களை வாசலிலேயே நிறுத்திவைக்கும் சட்டம், ஆனால் நல்ல சட்டம்.

கைபேசி இருக்க இது எதற்கு என்று கேட்கலாம். கைபேசி தன்னந்தனியாகப் பேசாது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டாலும் பேச்சு கோபுரத்துக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும். கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும், அதிலிருந்து நிலையத்துக்கு இணைப்பு வேண்டும். வெள்ளமோ பூகம்பமோ வந்தால் மின்சாரம் முதலில் போகும், கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரத்தில் தீரும். எல்லாம் ஒழுங்காக இருந்தாலும், ஊரே ஒரே நேரத்தில் எண்களைத் தட்டினால் ஒருவருக்கும் கிடைக்காது.

ஹாமுக்கு வேண்டியது ஒரு கார் பேட்டரி, 100 வாட் கருவி, சுமார் 66 அடிக் கம்பி. நடுவில் எவருடைய தயவும் வேண்டாம். சிற்றலை மேலே போய், வானத்தில் நூறு கிலோமீட்டருக்கு மேலே இருக்கும் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும். இலங்கை வானொலியைச் சிற்றலையில் கேட்ட தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டாம். கம்பியைத் தாழ்வாகக் கட்டினால் அலை செங்குத்தாக ஏறி, சில நூறு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் மழை மாதிரி இறங்கும். மாவட்டத்துக்குள் பேச அது உதவும். தெருவுக்குத் தெரு பேசக் கையடக்கக் கருவி தனியாக உண்டு.

2004 டிசம்பரில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனம் ஒரு குழுவை போர்ட் பிளேருக்கு (2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) அனுப்பியிருந்தது. டெல்லியில் வசித்த பாரதி பிரசாத் அம்மையார் தலைமை. பல ஆண்டுகளாக அந்தமானிலிருந்து ஹாம் குரல் கேட்கவில்லை. அபூர்வ தபால்தலைக்கு அலைபவர்கள் போல உலகெங்கும் உள்ள ஹாம்கள் ‘வி.யூ.4’ என்ற அந்தத் தீவுக் குறிக்காகக் காத்திருந்தார்கள். சொல்லப் போனால் விளையாட்டுக்காகப் போன கூட்டம். 26ஆம் தேதி காலை ஆறரை மணிக்குப் பூமி குலுங்கியது. கொஞ்ச நேரத்தில் கடல் உள்ளே வந்தது. தொலைபேசி செத்துவிட்டது. அதுவரை வணக்கம் சொல்லி அழைப்புக் குறி மாற்றிக்கொண்டிருந்த கருவிதான் அதன் பிறகு தீவுச் செய்தியைக் கரைக்குச் சொன்னது. குழுவினர் கார் நிகோபாரிலும் நிலையம் அமைத்தார்கள். அங்கிருந்து போன செய்திகளில் பெரும் பகுதி, இன்னார் உயிரோடு இருக்கிறார் என்பதுதான். தெற்கே காம்பெல் பேயில் குடியேறிய முன்னாள் ராணுவத்தினரில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அங்கே இருப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை வராதா என்று தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் விடிய விடிய விழித்திருப்பார்கள்!

இதில் கருவியைவிடக் காதுதான் பெரிது என்பது என் கட்சி. கருவியை ஒரே நாளில் விமானத்தில் இறக்கிவிடலாம். இரைச்சலுக்கு நடுவே மெலிந்த குரலைப் பிரித்துக் கேட்பதும், கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதும் பல வருஷப் பழக்கம். ஆபத்து வந்தபின் சேர்ந்து கற்க நேரம் இருக்காது. செய்தியைத் தாளில் எழுதி, எண்ணும் நேரமும் குறித்து, சொற்களை எண்ணி அனுப்புவார்கள். எதிர்முனை அதைத் திருப்பிப் படித்துக் காட்டும். ஆங்கிலத்தில் ‘ஃபிஃப்டீன்’ என்று சொன்னால் ‘ஃபிஃப்டி’ என்று கேட்கும் என்பதால் ‘ஒன், ஃபைவ்’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்வார்கள். ட்ரங்க் காலில் மூட்டைக் கணக்கு கேட்டவர்களுக்கு இதன் அருமை புரியும். பெயர்களில் சங்கடம் இன்னும் அதிகம். நம் ராஜமும் ராஜனும் ஆங்கில எழுத்தில் கடைசியில் ‘எம்’, ‘என்’ என்று மட்டுமே வேறுபடும். இரைச்சலில் இரண்டும் ஒன்றுதான். ஆகவே ‘மைக்’, ‘நவம்பர்’ என்று சொல் சொல்லாகப் பிரிப்பார்கள். அதில் கவனம் தப்பினால் ஒரு வீட்டில் தவறாக அழுகை கிளம்பும். பல பேர் ஒரே அலையில் இருக்கும்போது ஒருவர் மட்டும் கட்டுப்பாட்டாளராக இருந்து முறை கொடுப்பார். அவசரச் செய்தி இருப்பவர் குறுக்கே வரலாம், மற்றவர் வாய் திறக்கக் கூடாது. நம் சங்கப் பொதுக்குழுவில் இந்த முறை வந்தால் நல்லது!

இதே பழக்கம் நம் கொல்கத்தா பக்கத்தில் ஆண்டுதோறும் பயன்படுகிறது. மகர சங்கராந்திக்கு, அதாவது நாம் பொங்கல் வைக்கும் நாட்களில், கங்காசாகர் மேளாவுக்கு லட்சக்கணக்கில் ஜனம் கூடும். கூட்டத்தில் கைவிட்டுப் போகும் முதியவர்களைக் குடும்பத்தோடு சேர்க்கும் வேலையை மேற்கு வங்க ரேடியோ கிளப் ஹாம்கள் செய்கிறார்கள். பல வருஷங்களுக்கு முன் காணாமல் போனவர்களின் வீட்டைக்கூடக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அங்கே முதல் துப்பு பேச்சுதான். எந்த மாநிலத்துப் பேச்சு, எந்த ஜில்லா வழக்கு, சொல்கிற ஊர்ப்பெயர் எது என்று கேட்டு, அந்தப் பக்கத்து ஹாமுக்குத் தகவல் கொடுத்து விசாரிப்பார்கள். தமிழ் மட்டும் தெரிந்த ஒரு பாட்டி ‘செஞ்சி பக்கம்’ என்று சொன்னால், கேட்பவருக்கு அது ஊரா ஆளா என்று விளங்க அரை நாள் ஆகலாம். நம்மில் ஒருவர் அந்தக் கூடாரத்தில் இருந்தால் அரை நிமிஷம் போதும்.