மீன் விற்ற ஒஷின்

ஊரூர் ஒல்காட் குப்பத்து மீன்காரம்மாவிடம் பேரம் பேசியிருப்பீர்கள். அவருக்கு ஜப்பானில் ஒரு தோழி உண்டு, தெரியுமோ? பெயர் ஒஷின். நிஜப் பெண் அல்ல, டி.வி. தொடரின் கதாநாயகி!

ஏழு வயதில் ஒரு மூட்டை அரிசிக்காக வேலைக்கு அனுப்பப்பட்டவள். பசி, அடி, மாமியார் கொடுமை எல்லாம் பட்டு, பிறகு வீடு வீடாக மீன் விற்றுத் தலைநிமிர்கிறாள். 1983-84ல் என்.எச்.கே. 297 பகுதிகளாக ஒளிபரப்பியபோது, ஜப்பானில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் இதைத்தான் பார்த்தார்கள்.

பிறகு, அரசு சார்ந்த ஜப்பான் ஃபவுண்டேஷன் வளரும் நாடுகள் பலவற்றுக்கு இந்தத் தொடரை இலவசமாகவே கொடுத்தது. ஜப்பான் உதவியோடு 1982ல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினியிலும் ஒஷின் வந்தாள்.

சும்மாவா கொடுப்பார்கள்? 1974ல் ஜப்பான் பிரதமர் வந்தபோது ஜகார்த்தாவில் கலவரமே மூண்டது. "சாமான் விற்க வருகிறவர்கள்" என்ற கெட்ட பெயர்! ஒஷினுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்ட தாய்மார்களுக்கோ, "அடடா, இவர்களும் நம்மைப் போல் கஷ்டப்பட்டவர்கள்தானே!" என்று தோன்றியது. தூதர்கள் பேசி ஆகாததை ஒரு சிறுமியின் கண்ணீர் சாதித்துவிட்டது.

ஒஷின் கதையில் போரின் துயரமும் உண்டு. ஆனால் அது ஜப்பானியக் குடும்பத்தின் துயரம். 1942-43ல் ஜப்பான் ராணுவம் மலாயாவிலிருந்து சயாம் ரயில்பாதை போடக் கொண்டுபோய், காட்டிலேயே மாண்டுபோன நம் தமிழர்கள் அதில் இல்லை.

அதற்காகப் பார்க்காமல் இருக்க வேண்டாம். இன்று உங்கள் பெண் கொரியத் தொடர் பார்க்கிறாளா? பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ரசியுங்கள். முடிந்ததும், "இதில் எதைக் காட்டவில்லை?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.