சமாதானமே இல்லாத காந்தங்கள்!

கல்யாணப் பந்தியில் இரண்டே வரிசைகள். சாப்பிட வந்தவர்கள் மூன்று பேர். மூவருக்கும் ஒருவருக்கொருவர் ஆகாது. "அவன் இருக்கும் வரிசையில் நான் உட்கார மாட்டேன்" என்கிறான் ஒவ்வொருவனும். முதல் இருவரை எதிரெதிர் வரிசையில் உட்கார வைத்துவிடலாம். மூன்றாமவன்? எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்தில் ஒரு பகையாளி!

இதே தொல்லை சில உலோகங்களுக்குள்ளும் உண்டு என்றால் ஆச்சரியமாயிருக்கிறதல்லவா?

செம்புக்குள் சச்சரவு

செம்பிலே சிறிதளவு மாங்கனீஸைக் கலந்து உருக்கினால் கிடைக்கும் உலோகத்தில், மாங்கனீஸ் அணு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். சில ஜோடிகள் ஒரே திசையை நோக்க விரும்புகின்றன; வேறு சில எதிரெதிராக நிற்க விரும்புகின்றன. இடையிலுள்ள தூரத்தைப் பொறுத்தது அது. அணுக்களோ தாறுமாறாகச் சிதறிக் கிடக்கின்றன. ஆகவே, எல்லா அண்டை வீட்டாரையும் திருப்தி செய்ய முடிவதில்லை.

உஷ்ணம் இருக்கும்வரை இவை இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டே இருக்கும். குளிர்ந்ததும், கிடைத்த திசையிலே உறைந்துவிடும். கண்ணாடியில் அணுக்கள் ஒழுங்கின்றி உறைந்திருப்பதுபோல் இருப்பதால் இதற்கு 'ஸ்பின் கிளாஸ்' என்று பெயர்.

1972-ல் கன்னெல்லா, மைடாஷ் என்ற விஞ்ஞானிகள், இரும்பு கலந்த தங்கத்தைச் சோதித்தனர். குறிப்பிட்ட ஓர் உஷ்ணநிலையில் அதன் காந்த இயல்பு கூர்மையான சிகரம்போல் உயர்ந்து இறங்கியது. தண்ணீர் பனிக்கட்டியாவது போன்ற திட்டவட்டமான மாறுதலா இது? அல்லது தார் இறுகுவதுபோல் மெள்ள மெள்ள நடக்கும் காரியமா? இதுதான் விஞ்ஞானிகளைப் பல்லாண்டு திணற வைத்த கேள்வி.

302 இலக்க எண்!

1975-ல் எட்வர்ட்ஸ், ஆண்டர்சன் இருவரும் இதற்கு ஒரு மாதிரி அமைப்பை வகுத்தனர். அதன் எளிய வடிவில், பெட்டிபோல் அடுக்கிய கட்டங்களில் ஒவ்வொரு காந்தமும் மேலே அல்லது கீழே மட்டும் நோக்கும். யாருக்கு யார் நண்பர், யார் பகைவர் என்பது சீட்டுக் குலுக்கிப் போட்டது போல அமையும்.

பக்கத்துக்குப் பத்து வீதம் ஆயிரம் காந்தங்கள் என்று வைத்துக்கொள்வோம். அவை நிற்கக்கூடிய விதங்களை எழுத 302 இலக்க எண் வேண்டும்! எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்க எந்தக் கம்ப்யூட்டராலும் ஆகாது. எனவே கம்ப்யூட்டர் பகடை உருட்டுகிறது. சூதாட்டத்துக்குப் பேர்போன மான்டி கார்லோவின் பெயரையே இந்த முறைக்குச் சூட்டிவிட்டார்கள். ஒரு காந்தத்தைத் திருப்பினால் சச்சரவு குறையுமா? உடனே திருப்பு. கூடுமா? பகடை அனுமதித்தால் மட்டும் திருப்பு. குளிர் ஏற ஏற அந்த அனுமதி அரிதாகும்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. குளிரில் கணக்கு ஏதாவதொரு பள்ளத்தில் விழுந்து, அங்கேயே கிடந்துவிடும். 1996-ல் ஹுகுஷிமா, நெமொட்டோ என்ற ஜப்பானியர் இதற்கு ஒரு யுக்தி சொன்னார்கள். ஒரே அமைப்பின் பல நகல்களை வெவ்வேறு உஷ்ணநிலைகளில் ஓடவிட்டு, அவ்வப்போது இடம் மாற்றுவது. சிக்கிய நகல் சூடேறித் தப்பிவிடும்.

தீர்ப்பு

1985-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில், இதற்கென்றே தனியாக ஒரு யந்திரம் செய்து ஓகீல்ஸ்கி கணக்கிட்டார். மாறுதல் திட்டவட்டமானதே என்பதற்கு வலுவான சாட்சி கிடைத்தது. பின்னர் ஸ்பெயின், இத்தாலி விஞ்ஞானிகள் 'ஜானஸ்' என்ற யந்திரத்தை அமைத்தனர். உண்மை உலோகத்தில் ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நடப்பதை அது 2008-ல் கணக்கிட்டுக் காட்டியது. அவ்வளவுதானா என்று எண்ண வேண்டாம். அதற்குப் பதினாயிரம் கோடி சுற்றுகள் தேவைப்பட்டன!

2013-ல் வெளியான ஜானஸ் முடிவு, தொல்லையின் வேரையும் காட்டியது. மாறுதல் உஷ்ணநிலைக்கு இருக்கும் தொலைவைப் பாதியாக்கினால், காந்தங்கள் ஒன்றையொன்று பாதிக்கும் தூரம் ஏறக்குறைய ஆறு மடங்காகிறது. சாதாரணக் காந்தத்தின் மாதிரியிலோ ஒன்றரை மடங்கு சுமார்தான். பெரிய பெட்டியும் நீண்ட காலமும் இன்றி இங்கே உண்மை தெரியாது.

வீண் வேலையா?

இல்லை. உலோகத்தை மெள்ளக் குளிரவைப்பது போன்ற இதே கணக்கைக் கொண்டு, கம்ப்யூட்டர் உறுப்புகளைச் சிக்கனமாக அடுக்கும் வழியை 1983-ல் கிர்க்பாட்ரிக் குழுவினர் கண்டனர். ஸ்பின் கிளாஸ் மர்மத்தில் வழிகண்ட இத்தாலியப் பேராசிரியர் பாரிசிக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. நினைவாற்றலுக்கு இதே பாணியில் மாதிரி அமைத்த ஹாப்ஃபீல்டுக்கு 2024-ல் கிடைத்தது.

ஆனாலும் ஒரு வழக்கு இன்னும் பாக்கி. குளிர்ந்தபின் அமைப்புக்கு எண்ணற்ற நிலைகள் உண்டு என்பது பாரிசியின் வழி. ஒன்றும் அதன் நேர் எதிரும் ஆக இரண்டே என்பது ஃபிஷர், ஹியூஸ் கட்சி. நீளம், அகலம், உயரம் கொண்ட நம் உலகில் எது சரி? யந்திரங்கள் இன்னும் பகடை உருட்டிக்கொண்டிருக்கின்றன.